ஒரு தாள் குறைகிறது

4-12-91, புதன்

விடியற்காலையிலிருந்து மழை. படப்பை கடைத்தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். தாம்பரம் பஸ் ஒன்றுவிட்டு ஒன்றுதான் வருகிறது. யூனியனின் கேட் மீட்டிங் ரத்து. மறைமலை நகர் வரை போயிருந்தாலும் பார்ப்பது அதே பூட்டைத்தான். கம்பெனி கதவடைத்து ஐந்து மாதம்.

ஜெசிந்தா பள்ளியிலிருந்து வரும்போது கைப்பையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு வந்தாள். ஏதோ பலகாரம் என்று நினைத்தேன். அவள் பாடம் எடுக்கும் பத்தாம் வகுப்பின் அரையாண்டுக் கணக்கு வினாத்தாள். அவள் கையெழுத்தில், நாலு பக்கம். கம்ப்யூட்டரில் அடித்தால் இரண்டு பக்கத்தில் அடங்கும்.

காலாண்டுப் பரீட்சைத் தாளை வெளியே அச்சடிக்கக் கொடுத்ததில் வினாக்கள் முன்கூட்டியே வெளியே போய்விட்டன. அதனால் ஹெச்.எம். அம்மா இவளைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: "உங்க வீட்லதான் மெஷின் இருக்கே ஜெசிந்தா. வீட்டுக்குள்ளயே முடிச்சு சீல் வச்சுக் குடுத்துடு. வேற யார் கையும் படக் கூடாது."

42 பிள்ளைகள். ஆளுக்கு இரண்டு தாள். சனிக்கிழமை காலை உறை ஹெச்.எம். கையில் இருக்க வேண்டும். பரீட்சை செவ்வாய்.

கம்ப்யூட்டர், பிரிண்டர் இரண்டும் மச்சான் வில்லியம், ஜெசிந்தாவின் தம்பி, மஸ்கட் போகும்போது இங்கே விட்டுவிட்டுப் போனவை. "மாமா, நீங்க வீட்ல சும்மாத்தான இருக்கீங்க, ஓட்டிப் பழகுங்க" என்றான். நல்ல மனதோடு சொன்னதுதான். இருந்தாலும் அந்தச் சும்மா.

சோதனை ஓட்டம் ஆறு தாள். மூன்றாவதில் சிக்கியது. ஐந்தாவதில் சிக்கியது. ஆறாவது ரோலரைச் சுற்றிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது.

ஜெ. அடுப்படியிலிருந்து: "ஓடுமா ஓடாதா?"
"ஓடும்."

5-12-91, வியாழன்

மழை விட்டு விட்டு. பாய்லர் விறகு நனைந்துவிட்டது. நாடார் கடையில் மண்ணெண்ணெய் இல்லை.

ஜெ. போன பிறகு பிரிண்டரை மேசையில் வைத்து மூடியைத் திறந்தேன். பதினான்கு வருடம் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். பிரஸ், லேத், கன்வேயர் எல்லாம் பார்த்த கை. இது கைக்குழந்தை மாதிரி இருக்கிறது. ஆனால் கோளாறு எல்லா மெஷினுக்கும் ஒரே ஜாதிதான். உள்ளே போகும் சரக்கு நேராகப் போக வேண்டும், வெளியே வரும் சரக்கு வழிவிட வேண்டும்.

கண்டவை:

1. தாள் ஒன்றோடொன்று தொடர்ந்து மடிப்பு மடிப்பாக வருவது. அதன் பெட்டி மேசைக்கு இடப்பக்கம் இருந்தது. தாள் சாய்வாக ஏறுகிறது. பெட்டியைப் பிரிண்டருக்கு நேர் கீழே மாற்றினேன்.

2. இரண்டு ஓரத்திலும் ஓட்டைகளைப் பிடித்து இழுக்கும் பல்பட்டைகள். அகலம் கூடிப்போய் ஓட்டைகள் கிழிந்திருக்கின்றன. ஒரு நூல் அளவு உள்ளே தள்ளினேன். தாள் விறைப்பாகவும் இல்லை, தொப்பை விழவும் இல்லை.

3. அடித்து முடித்த தாள் பின்னால் இறங்கி, ஏறிவரும் வெள்ளைத் தாளோடு சேர்ந்து மறுபடி உள்ளே நுழைகிறது. பாதி சிக்கலுக்கு இதுதான் காரணம். நடுவில் காலண்டர் அட்டை ஒன்றை நிறுத்தினேன்.

4. ரோலருக்கடியில் பழைய தாள் துணுக்குகள். வில்லியம் காலத்தவை. ஐந்து எடுத்தேன்.

5. ஈரம். தாளைத் தொட்டால் அப்பளமாவு மாதிரி. இதற்கு இன்னும் வழி தெரியவில்லை.

சிக்கினால் செய்ய வேண்டியது (ஜெ.க்கும் சொல்ல வேண்டும்): முதலில் சுவிட்சை அணை. மின்சாரம் இருக்கும்போது ரோலர் குமிழைத் திருகினால் உள்ளே பல் போகும். அச்சடிக்கும் ஹெட் சூடு, தொடாதே. ரிப்பனைக் கழற்று. தாள் போகிற திக்கிலேயே இழு, பின்பக்கம் இழுத்தால் கிழிந்து துணுக்கு உள்ளே தங்கும். தங்கிவிட்டால் போஸ்ட் கார்டை நீளமாக வெட்டி அடியில் விட்டுத் தள்ளு. கத்தி, ஸ்குரூடிரைவர் கூடாது.

பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ரோலரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு முருகேசன் வந்தான். ஒரே கம்பெனி, பிரஸ் ஷாப். அவனுக்கும் ஐந்து மாதம்.

"இன்னா அருளு, மிஷினுக்குப் பல்லு வெளக்கினுகீறியா?"
"விக்கல் நிக்கணுமில்ல."
"நம்ம கம்பெனிக்கும் கொஞ்சம் வெளக்கி வுடேன்."

டீ குடித்தான். யூனியன் பேச்சு. அவன் பெண் காஞ்சனா பத்தாவது, ஜெ.யின் வகுப்பு. நான் ஒரு பக்கம் அடித்துக் கெட்டுப்போன தாள்களை அவளுக்கு ரஃப் கணக்குப் போடக் கொடுப்பது வழக்கம். பின்பக்கம் வெள்ளைதானே. வினாத்தாள் இங்கே அடிக்கிற விஷயம் அவர்களுக்குத் தெரியாது, சொல்லவும் கூடாது.

6-12-91, வெள்ளி

பிடிவாதமான மழை. ஜெ. பள்ளிக்கு லீவு போட்டாள். நேற்றே எல்லாவற்றையும் தட்டச்சு செய்துவிட்டாள்.

தாளை எண்ணி நூறு கிழித்துப் பெட்டியில் வைத்தேன். கழற்றிய போல்ட்டும் மாட்டிய போல்ட்டும் எண்ணிக்கை ஒத்து வராமல் எந்த மெஷினையும் மூடியதில்லை.

முதல் பக்கம் 42-ம் முடிய மதியம் ஆனது. சிக்கல் ஏழு. முதல் பக்கத்தில் இரண்டு வட்டப் படம். அதைக் கம்ப்யூட்டர் போடாது. காம்பஸ் வைத்து 42 தடவை நானே வரைந்தேன்.

இரண்டாம் பக்கம் பாதியில் மறுபடி மறுபடி சிக்கல். எடுத்துவிட்டு எத்தனையாவது என்று குழம்பி, ஒன்றிரண்டு பின்னாலிருந்து தொடங்கினேன். மூன்றரைக்குக் கரண்ட் போனது. ஜன்னல் சாத்தியிருந்ததால் உள்ளே ஒரே இருட்டு. ஜெ. மெழுகுவத்தி வாங்கக் கடைக்குப் போனாள். அந்த நேரம் பார்த்துக் காஞ்சனா வாசலில். மழை என்று பள்ளியைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள்.

"அங்கிள், ரஃப் பேப்பர் இருக்கா? செவ்வாக்கிழம மேத்ஸ்."

மேசைக்கு அடியில் பழைய கட்டு இருந்தது. தடவி எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். அவள் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதுதான் அப்போது நினைப்பு.

ஐந்துக்குக் கரண்ட் வந்தது. ஆறரைக்கு முடிந்தது. நேரம் மிச்சம் பிடிக்க, தாள்களை இரண்டிரண்டாக மடிப்பில் கிழித்து, ஓட்டை ஓரத்தை உரித்தேன். ஜெ. அடுக்கிக் குண்டூசி குத்தினாள். 42 கட்டு. உறை, அரக்கு, அதன் மேல் அவள் கையெழுத்து. கெட்ட தாள்களை வெந்நீர் அடுப்பில் நான் எரித்தேன். ஒவ்வொன்றாகப் போட்டேன். பதினைந்து.

சாப்பிட்ட பிறகு இந்த நோட்டில் கூட்டிப் பார்க்கிறேன். 84-ம் 15-ம் 99.

ஒரு தாள் குறைகிறது.

7-12-91, சனி

ஜெ. எட்டு மணிக்கு உறையோடு போனாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் பிரிண்டருக்குள் பார்த்துவிடலாம் என்று.

முழுதும் கழற்றினேன். அடித்தட்டு, ரோலர், பல்பட்டை எல்லாம். கிடைத்தது விரல் நகமளவு துணுக்கு ஒன்று, அதில் எழுத்தே இல்லை. மேசைக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், அரிசி மூட்டை இடுக்கில். இல்லை.

அப்போதுதான் அந்த இருட்டும் கட்டும் நினைவுக்கு வந்தது. சிக்கி எடுத்த தாளைக் கூடையில்தான் போட்டேன். எல்லாவற்றையுமா? ஒன்று கீழே நழுவி அந்தக் கட்டின் மேல் விழுந்திருந்தால்?

பதினொன்றுக்கு முருகேசன் வீடு. அவன் கயிற்றுக் கட்டிலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். மனைவி தனம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து காஞ்சனாவுக்கு ஒரு கட்டு குடுத்தேன். அதுல ஒரு பேப்பர் தெரியாம வந்திருக்கும். பாக்கணும்."
"இன்னா பேப்பரு?"
சொல்லத்தான் வேண்டியிருந்தது. சொன்னேன்.

காஞ்சனா உள்ளேயிருந்து கட்டை எடுத்து வந்தாள். தரையில் பரப்பி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். இருபத்தாறு. எல்லாம் பழையவை, பாதிக்கு மேல் அவள் கணக்குப் போட்டவை. வினாத்தாள் இல்லை.

நான் எழுந்திருக்கவில்லை. இது என் தப்பு. இல்லையென்று தெரிந்ததும் எழுந்து வந்திருக்க வேண்டும். பதிலாக அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்டேன்:
"வேற எங்கயும் எடுத்து வெக்கலியே?"
"இல்ல அங்கிள்."
"இருந்தா பயப்படாம குடுத்துடும்மா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

முருகேசன் பேப்பரை மடித்து வைத்தான்.

"அருளு. அவ இல்லன்னு சொல்ட்டா."
"அதுக்கில்லப்பா, ஜெசி வேலை..."
"ஒம் பொண்டாட்டி வேலைக்கு எம் பொண்ணு திருடியாவணுமா? பதினாலு வருஷமா ஒண்ணா டூட்டி பாத்துகினோம். எழுந்து போ."

வந்துவிட்டேன். தனம் முறத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

மதியம் முழுதும் யோசனை. சொல்லாமல் இருந்தால் ஒருவேளை ஒன்றும் ஆகாது. சொன்னால் ஜெ. வேலைக்கு ஆபத்து. இப்போது வீட்டில் வருகிற ஒரே சம்பளம் அவளுடையது. ஆனால் தாள் வெளியே போயிருந்து பிறகு தெரிந்தால், மறைத்ததாகத்தான் ஆகும். அதுவும் அவள் தலையில்.

சாயங்காலம் அவள் வந்து கால் கழுவியதும் சொன்னேன். பாதி ஈரக் காலோடு நின்றுகொண்டே கேட்டாள்.

"எப்பத் தெரிஞ்சுது?"
"நேத்து ராத்திரி கணக்கு எழுதும்போது."
"அப்ப காலைல நான் உறைய எடுத்துட்டுப் போகும்போது உங்களுக்குத் தெரியும்."
"தெரியும்."

நாளைக்கு உடுத்த வேண்டிய புடவையை எடுத்து இஸ்திரி போட்டாள். ஏற்கெனவே போட்ட புடவைதான்.

8-12-91, ஞாயிறு

மழை இல்லை. மூட்டம். பூசை முடிந்து கோயில் வாசலிலிருந்தே ஜெ. ஹெச்.எம். வீட்டுக்குப் போனாள். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்.

அவள் வந்து சொன்னது, சொன்னபடியே: ஹெச்.எம். அம்மா கடைசி வரை கேட்டார். உறையைத் திறந்து எண்ணிப் பார்க்கலாமா என்று இவள் கேட்டதற்கு, "உள்ள இருக்கறதப் பத்தி எனக்குக் கேள்வி இல்ல. வெளில போனதப் பத்தித்தான்" என்றார். புதுத் தாள் போட வேண்டும், நாளைக் காலை வேண்டும். பிறகு: "நீயா வந்து சொன்னதால இதோட விடறேன். ஜூன்லருந்து பத்தாவது கணக்கு வேற டீச்சர் பாக்கட்டும்."

ஆறு வருடமாக அவள் பத்தாவது எடுக்கிறாள். அதைச் சொல்லும்போது கொடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். குரல் மாறவில்லை. ஒரே துண்டை மூன்று முறை மடித்தாள்.

அவள் புதுக் கணக்குகள் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் ஈரத்துக்கு ஒரு வழி செய்தேன். கம்பெனியில் வெல்டிங் ராடு நமத்துப்போனால் பல்பு எரிகிற பெட்டியில் வைத்துக் காய வைப்போம். காலி பிஸ்கட் டின்னில் நாற்பது வாட் பல்பு, மேலே கம்பிச் சட்டம், அதன் மேல் தாளை நிறுத்தி வைத்தேன். பல்பு தாளில் படாமல் ஒரு சாண் இடைவெளி. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி நேரத்தில் தாள் சுண்டினால் சத்தம் வருகிற மாதிரி ஆனது. உடனே விசிறிவிட்டு எடுத்து ஏற்றினேன். காய்ந்ததும் தாளின் விளிம்புகளை விசிறிவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டு தாள் ஒன்றாக ஒட்டி ஏறும்.

84 தாள். ஒரு சிக்கல் இல்லை. ஒன்றுகூட.

ஜெ. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினாள். சொன்னேன், "பாத்தியா, ஈரம்தான் பிரச்சனை." அவள் அறுபத்தி மூன்று, அறுபத்தி நாலு என்று எண்ணிக்கொண்டே போனாள்.

9-12-91, திங்கள்

உறை போய்ச் சேர்ந்தது. பால் வாங்கப் போன இடத்தில் முருகேசன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். கேட் மீட்டிங்குக்கும் சேர்ந்து போகவில்லை. அவன் முன் பஸ், நான் பின் பஸ்.

12-12-91, வியாழன்

வெயில். துணி எல்லாம் காய்ந்தது. பிரிண்டருக்குப் பழைய தலையணை உறையில் மூடி தைத்தேன். தூசும் தாள் துணுக்கு மாதிரிதான் சிக்க வைக்கும்.

ஜெ. திருத்திக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"காஞ்சனா அம்பத்தி நாலு."
"எப்பவும் எவ்வளவு?"
"எம்பதுக்குக் கொறையாது."

என் மனதில் ஓடியதை அப்படியே எழுதுகிறேன்: அப்படியானால் தாள் அவளிடம்தான் இருந்திருக்கிறது. அதை நம்பி மற்றதைப் படிக்கவில்லை. கேள்வி மாறியதும் தடுமாறிவிட்டாள். ஜெ.யிடமும் சொன்னேன்.

"அத வெளில எங்கயும் பேசாதீங்க" என்றாள்.

எனக்கு ஒரு விதத்தில் நிம்மதி. நான் கேட்டது வீண் இல்லை என்று.

16-12-91, திங்கள்

குன்றத்தூர் வரை போய் வந்தேன். ஒரு சின்னக் கம்பெனியில் ஃபிட்டர் வேலை என்றார்கள். ஆள் எடுத்துவிட்டார்களாம். வரும்போது மணிமங்கலம் பஸ்ஸில் மாறி ஏறி, ஒரு மணி நேரம் வீண்.

ரிப்பன் மை மங்குகிறது. வில்லியமுக்கு எழுத வேண்டும்.

20-12-91, வெள்ளி

இன்றோடு பள்ளிக்குக் கிறிஸ்துமஸ் லீவு.

ஜெ. நாலரைக்கு வந்தாள். செருப்பைக் கழற்றாமலே கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். பழைய வினாத்தாள். இரண்டாம் பக்கம்.

அந்தப் பழைய உறையை ஹெச்.எம். இன்று இவளிடம் கொடுத்து, வீணாக வேண்டாம், லீவுக் கணக்காகப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடு என்றாராம். வகுப்பிலேயே அரக்கை உடைத்து விநியோகித்தாள். கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து சொன்னானாம்: "மிஸ், எனக்கு ரெண்டாம் பக்கம் ரெண்டு இருக்குது."

ஈரத்தில் ஒட்டிக்கொண்டு ஒன்றாக இருந்திருக்கிறது. நான் குழம்பிப் பின்னாலிருந்து தொடங்கினேனே, அதில் ஒன்று அதிகமாக அடித்துவிட்டேன். 43. இரண்டிரண்டாகக் கிழித்ததில் கைக்குத் தெரியவில்லை. அவள் கட்டை எண்ணினாள், நான் எரித்ததை எண்ணினேன். குத்திய தாளை யாரும் எண்ணவில்லை.

தாள் வெளியே போகவே இல்லை.

"ஹெச்.எம்.கிட்ட சொன்னியா?"
"சொன்னேன். நல்லதாப் போச்சுன்னாங்க."
"பத்தாவது?"
"அதப் பத்தி அவங்க பேசல. நானும் கேக்கல."

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு: "நான் என் கிளாஸ விட்டேன், சரி. அது நம்ம வீட்டு விஷயம். பக்கத்து வீட்டுக்கு நீங்கதான் போகணும்."

போகிறேன் என்றேன். போகவில்லை. முருகேசன் இருக்கிறானா என்று தெரியவில்லை, விளக்கு வைக்கிற நேரம், நாளைக்குக் காலையில் போனால் நிதானமாகப் பேசலாம் என்று. பிரிண்டரின் மூடியைக் கழற்றித் துடைத்தேன். அழுக்கு இல்லை.

21-12-91, சனி

ஒன்பது மணிக்குப் போனேன். முருகேசன் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். தாள் உறைக்குள்ளேயே இருந்தது, என் எண்ணிக்கைதான் தப்பு, காஞ்சனா மேல் ஒரு தப்பும் இல்லை.

அவன் செயினைச் சுற்றிவிட்டுக்கொண்டே கேட்டான். கடைசியில்: "எனக்குத் தெரியும். எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்றே. எம் பொண்ணுகிட்ட சொல்லு."

தனம் உள்ளேயிருந்து வந்தாள். கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

"நீங்க போனப்புறம் ரெண்டு நாளு வூட்டையே கவுத்துட்டா அண்ணே. பொஸ்தகம் ஒவ்வொரு பக்கமா பிரிச்சிப் பாத்தா. பொட்டில இருக்கற துணியெல்லாம் ஒதறுனா. எங்கனா கீதோ, குடுத்துட்டா நம்மள நம்புவாங்கன்னு. சனியும் ஞாயிறும் அதுலயே பூட்ச்சு. ஒரு எழுத்து படிக்கல."

ஐம்பத்தி நாலு.

காஞ்சனா கதவோரம் நின்றிருந்தாள். அவளிடம் நேராகச் சொன்னேன். நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்றும் சொன்னேன். தலையை ஆட்டினாள். பிறகு மெதுவாகத்தான் பேசினாள்.

"நேத்து கிளாஸ்ல நானும் இருந்தேன் அங்கிள். எக்ஸ்ட்ரா பேப்பர நானும் பாத்தேன். அப்பாகிட்ட சொல்லல. நீங்களே வந்து சொல்வீங்கன்னு சாயந்தரம் முழுக்க வாசல்லயே ஒக்காந்திருந்தேன்."

நேற்று சாயங்காலம் முழுதும் நான் வீட்டில்தான் இருந்தேன்.